பக்கத்து இலைப் பாயசம்

நாங்கள் நாலு பேர் பங்கு போட்டு வாங்கிய பழைய செஸ்னா 172 சிறு விமானம் டெக்ஸஸில் ஒரு சின்ன ஓடுதளத்தில் நிற்கிறது. 2020 தொடக்கத்திலிருந்து பெரிய விமான நிலையங்களைச் சுற்றிப் பறக்க ஏடிஎஸ்-பி அவுட் (விமானம் தான் இருக்கும் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும் கருவி) கட்டாயம் என்று அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ சொன்னபோது, 'நாம எங்க அங்கெல்லாம் போறோம்' என்று இழுத்தடித்தோம்.

நடுவில் எனக்கு ஒரு யோசனை. ஒரு ராஸ்பெர்ரி பை குட்டிக் கணினி, இரண்டு ரேடியோ குச்சிகள், ஒரு பவர் பேங்க். இருநூறு டாலருக்குள், அந்த ரேடியோ சேதிகளைக் கேட்கும் ஸ்ட்ராடக்ஸ் டப்பா ரெடி. சுற்றிலும் பறப்பவை ஐபேடில் தெரியும். மற்ற விமானங்களின் டிரான்ஸ்பாண்டரை, அதாவது ரேடார் கேட்டால் பதில் சொல்லும் கருவியை, தானே கேட்டுத் தேடும் கருவி பத்தாயிரம் டாலருக்கு மேல். ஜெட்களில் இருக்கும் மோதல் தவிர்ப்புக் கருவி டிகாஸ் 2, பொருத்தும் கூலியோடு லட்சக் கணக்கு. பெருமை பிடிபடவில்லை எனக்கு.

ஆனால் ஐபேடில் விமானங்கள் திடீரென்று முளைத்தன, காணாமல் போயின. காரணம் பிறகுதான் புரிந்தது. ரேடாரில் தெரிகிற விமானங்களின் விவரத்தைத் தரை நிலையம் அவுட் வைத்திருப்பவருக்காக மட்டுமே அனுப்பும்: அவரைச் சுற்றி 15 கடல் மைல், மேலும் கீழும் 3,500 அடி. நமக்கு அவுட் இல்லையென்றால், பக்கத்து இலைக்குப் பரிமாறியதில் சிந்தினால்தான் உண்டு.

கடைசியில் வால் விளக்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டும் அவுட் ஒன்று வாங்கினோம். இரண்டாயிரம் டாலரை ஒட்டி வந்தது, தலைக்கு ஐந்நூறு. எஃப்ஏஏ கொடுத்த 500 டாலர் சலுகை அதற்குள் முடிந்திருந்தது தனி வயிற்றெரிச்சல்.

மாட்டிய மூன்றாம் வாரம், இறங்கத் திரும்பும்போது ஐபேடில் ஒரு புள்ளிகூட இல்லை. பக்கத்து சீட்டில் எங்கள் மூத்த பங்காளி, ஓய்வு பெற்ற தபால்காரர். பேசாமல் இடது கீழே விரலை நீட்டினார். பைப்பர் கப் என்கிற பழைய ரக மஞ்சள் சிறு விமானம் ஒன்று எங்களுக்குக் கீழே ஓடுதளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சட்டென்று மேலே ஏற்றினேன்.

கப்பில் மின்சாரமே கிடையாது, விதியும் விலக்கு தருகிறது. டிரான்ஸ்பாண்டர் இல்லாததை இருநூறு டாலர் டப்பாவும் காணாது, லட்ச டாலர் டிகாஸும் காணாது. 1986 ஆகஸ்ட் 31 அன்று கலிஃபோர்னியாவின் செரிடோஸ் மேலே ஏரோமெக்சிகோ டிசி-9 மீது மோதிய சின்ன பைப்பரின் டிரான்ஸ்பாண்டர் உயரத்தைச் சொல்லாத ரகம். 82 பேர் போனார்கள். அதன் பிறகுதான் அமெரிக்காவில் பெரிய பயணிகள் விமானங்களுக்கு டிகாஸ் 2 கட்டாயமானது. சிறு விமானங்களும் உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் வைக்க வேண்டிய பகுதிகள் விரிந்தன.

இறங்கியதும், இனி பத்தாயிரம் டாலர் கருவிதான் என்றேன் தபால்காரரிடம். அவர் விமானத்தின் முன் கண்ணாடியில் அப்பியிருந்த பூச்சிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அது அந்த மஞ்சளைக் காட்டுமா?" என்றார்.