கரண்ட் வைத்த இடத்தில் ஊதாத் திட்டு

நான் மார்பகப் புற்றுநோய்க்குக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, 15 தவணைகளில் 40 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு) கதிர்வீச்சு வாங்கி ஏழு வருடம் ஆகியிருந்தது. கரண்ட் வைப்பது என்பார்களே, அதுதான். அதே மார்பின் தோலில் ஊதா நிறத்தில் ஒரு திட்டு வந்தது. எங்காவது இடித்துக்கொண்டால் கன்றிப்போகுமே, அப்படி. இடித்த ஞாபகம் இல்லை, வலியும் இல்லை.

முதலில் பார்த்த டாக்டர் ரத்தக்கட்டு என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமிலும் ஒன்றும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் திட்டு பெரிதானது, பக்கத்திலேயே இன்னொன்றும் வந்தது.

இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். கதிர்வீச்சு பட்ட இடத்தில் பல வருடம் கழித்து வரும் ஆன்ஜியோசர்கோமா என்ற அரிய புற்றுநோய், ரத்தநாளச் செல்களில் தொடங்கித் தோலிலேயே படரும். மேமோகிராமில் அது தெரியாமல் போகலாம். திட்டிலிருந்து துளித் தோலை எடுத்துப் பார்க்கும் பஞ்ச் பயாப்ஸிதான் பதில் சொல்லும். எனக்கு ஆபரேஷன் செய்த சர்ஜனிடமே போய் அதைக் கேட்டேன். அன்றே எடுத்தார்.

முதல் ரிப்போர்ட் தெளிவாக இல்லை. கதிர்வீச்சு பட்ட தோலில் ஆபத்தில்லாத ரத்தநாள மாற்றங்களும் வருவதுண்டு, இரண்டையும் பிரிப்பது கஷ்டம். பயாப்ஸி பிளாக்கை (எடுத்த தோலை மெழுகில் பதித்து வைத்த கட்டியை) வாங்கி, இந்த வகைப் புற்றுநோயைப் பார்த்துப் பழகிய நோயியல் மருத்துவருக்கு அனுப்பினோம். மிக் என்ற மரபணு பெருகியிருந்ததை வைத்து, ஆன்ஜியோசர்கோமாதான் என்று அவர் உறுதி செய்தார். பழைய கதிர்வீச்சு சம்மரியும் கேட்டார்கள்: எவ்வளவு டோஸ், எந்தெந்தப் பகுதியில். நல்லவேளை, கணவர் பைலில் பத்திரமாக வைத்திருந்தார்.

அப்புறம் ஆபரேஷன். மார்பு முழுவதையும், கதிர்வீச்சு பட்ட தோலை அகலமாகவும் எடுத்துவிட்டு, முதுகுத் தசையைத் திருப்பி மூடினார்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கப் பிசியோதெரபியில் ரொம்ப நாள் பாடுபட வேண்டியிருந்தது.

"அன்னைக்குக் கரண்ட் வைக்காம இருந்திருக்கலாமாம்மா?" என்று மகள் அழுதாள். இந்த நோய் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் வருகிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து 2011இல் வந்த ஆய்வில், கதிர்வீச்சு எடுக்காதவர்களில் 35 சதவீதம் பேருக்குப் பத்து வருடத்துக்குள் மார்பகப் புற்றுநோய் திரும்பியது; எடுத்தவர்களில் 19 சதவீதம். அவளிடம் இதைத்தான் சொன்னேன். இன்று கேட்டாலும் கரண்ட் வைக்கச் சம்மதிப்பேன்.

சில மாதங்களுக்கு ஒருமுறை தழும்பைச் சுற்றியுள்ள தோலைப் பார்க்கிறார்கள். நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேனும் எடுக்கிறார்கள், இது பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குப் போகும் என்பதால்.