சுயவிருப்பத்தின் பேரில்

6 செப்டம்பர் 2024, வெள்ளி, கூடலூர்

மனு டைப் அடிக்கும் என் கடையைத் திறக்கும்போதே மழை. கரண்ட் ஒன்பதரைக்குத்தான் வந்தது. முதல் மனு, முதுமலைப் புலிகள் காப்பகக் காட்டுக்குள்ளிருந்து சில வருடம் முன்னால் வெளியே வந்த ஒரு பணியர் பழங்குடிக் குடும்பத்துக்கு. அக்காவும் மகனும் வந்திருந்தார்கள். மறுவாழ்வுப் பணம் வங்கியில் விழுந்ததும் கூடவே ஒட்டிக்கொண்ட புரோக்கர் ஓர் இடத்தைக் காட்டினாராம், அக்கா கைநாட்டு வைத்தாராம். இன்னும் பட்டா வரவில்லை. சர்வே எண் கேட்டேன். "மூங்கில் புதர் பக்கம்" என்றார்.

இந்த மாதிரி மனுக்களுக்கு ஒரு பழைய ஃபைல் வைத்திருக்கிறேன். பெயரை மட்டும் மாற்றினால் போதும். "எங்கள் சுயவிருப்பத்தின் பேரில் வனத்தை விட்டு வெளியேறினோம்" என்று அதில் ஒரு வரி. படித்துக் காட்டினேன்.

"சுயவிருப்பம்னா என்ன தம்பி?"

"உங்களுக்கே பிடிச்சு வந்தீங்கன்னு அர்த்தம், அக்கா."

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். "செட்டிமாருங்க வயலை விட்டுட்டுப் போயிட்டாங்க. வேலை இல்ல. யானை மட்டும் வந்துச்சு. அப்படிப் போடு."

அப்படியே போட்டேன்.

8 செப்டம்பர், ஞாயிறு

அந்தச் 'சுயவிருப்ப' வரி மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. காட்டுக்குள் வயல் வைத்திருந்த செட்டிமார் போனது தப்பு என்று சொல்ல எனக்கு வாயில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தூரம், விளைந்ததைப் பன்றி தின்னும், ராத்திரி பிரசவ வலி வந்தால் ஜீப் தேட வேண்டும். வெளியே வர வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். ஆனால் நிலம் வைத்திருந்தவரின் விருப்பமும் அந்த நிலத்தில் கூலிக்கு நின்றவரின் விருப்பமும் ஒரே தாளில் ஒரே வரியாகிவிட்டது.

சட்டத்தைப் படித்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டப்படி, முதலில் மக்களின் உரிமையை அங்கீகரித்து முடிக்க வேண்டும். புலியும் மனிதரும் சேர்ந்து இருக்க வேறு வழியே இல்லை என்று காட்ட வேண்டும். கிராம சபை விவரம் தெரிந்து, எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும். போகிற இடத்தில் நிலமும் வசதியும் தயாராகும்வரை யாரையும் நகர்த்தக் கூடாது. அக்காவின் விஷயத்தில் கடைசி நிபந்தனை நடக்கவில்லை என்பது மூங்கில் புதரிலேயே தெரிகிறது.

இதற்கிடையில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் ஜூன் 19 அன்று மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது. காப்பகங்களின் மையப் பகுதிகளில் இன்னும் 591 கிராமங்கள், 64,801 குடும்பங்கள் இருக்கின்றன, இடமாற்றத்துக்கு முன்னுரிமை கொடுங்கள் என்று. அத்தனை பேருக்கும் மனு அடிக்க எத்தனை கடை வேண்டும்!

12 செப்டம்பர், வியாழன்

பேச்சுவாக்கில் அக்காவின் மகன் சொன்னது. மறுவாழ்வுப் பணம் ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று: முன்பு 10 லட்சம், 2021-லிருந்து 15 லட்சம். 18 வயது முடிந்த மகன் தனிக் குடும்பம். கணக்கெடுத்த அன்று இவனுக்கு ஆதார்படி 17. "பெரிய மழை வந்த வருசம் பொறந்தான், அவனுக்குப் பதினெட்டு ஆயிருச்சு" என்று அம்மா சொல்லிப் பார்த்திருக்கிறார். பெரிய மழைக்குத் தேதி இல்லை.

15 செப்டம்பர், ஞாயிறு, ஓணம்

கோவையிலிருந்து மாமா குடும்பம் வந்தது. முதுமலையின் யானை முகாம் இருக்கும் தெப்பக்காட்டில் சஃபாரி வேன். புலியைப் பார்க்கவில்லை. வழியெல்லாம் உண்ணிச்செடி, ஒரு மயில், நிறைய மான்.

"காட்டுக்குள்ள ஆள் இருந்தா புலி எப்படிடா இருக்கும்?" என்றான் மாமா மகன். முகாமில் யானைக்குக் கவளம் ஊட்டிக்கொண்டிருந்த பாகனைக் காட்டினேன். இங்கே பாகன்களில் பெரும்பாலோர் குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் என்ற பழங்குடியினர். 2021-ல் வனத்துறை டி23 என்று எண் வைத்த புலியை மூன்று வாரம் தேடியபோது தடம் பார்த்துக் கொடுத்ததும் இந்த மக்கள்தான். கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலை 2011-இல் புலிகள் காப்பகமானது. அதே வருடம் அங்கே சோலிகர் பழங்குடியினரின் வன உரிமையும் அங்கீகரிக்கப்பட்டது. புலி ஒன்றும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை.

"அப்போ நாம டிக்கெட் வாங்கி உள்ளே வர்றது?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

20 செப்டம்பர், வெள்ளி

அக்கா திரும்ப வந்தார். யானை, வயல் எல்லாம் எழுதிய மனுவை ஆபீஸில் வாங்க மாட்டோம் என்றுவிட்டார்களாம். "வழக்கமான மாதிரி அடிச்சுட்டு வாங்க" என்றார்களாம்.

பழைய ஃபைலைத் திறந்தேன். அந்த வரி அங்கேயே இருந்தது. அடித்து, படித்துக் காட்டினேன். இந்தத் தடவை அர்த்தம் கேட்கவில்லை, கட்டை விரலை நீட்டினார். மசி காய்ந்திருந்ததால் இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது.

பக்கத்துக்கு இருபது ரூபாய். வாங்கவில்லை என்று எழுத ஆசைதான். வாங்கினேன்.