மருந்து எழுதக் கற்பவர்களுக்கு மருந்தியல் நடத்திய அனுபவம்

மருந்து எழுதும் தகுதிக்காகப் படிக்கும் செவிலியர்கள், மருந்தாளுநர்கள், இயன்முறை சிகிச்சையாளர்கள் ஆகியோருக்கு அடிப்படை மருந்தியல் நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. வகுப்பில் பெரும்பாலானோர் வார்டில் நீண்ட காலம் வேலை பார்த்தவர்கள். எந்த மாத்திரைக்குத் தலை சுற்றும், எந்த ஊசிக்குப் பிறகு குமட்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஏற்பி (உடலில் மருந்து பற்றிக்கொள்ளும் இடம்), நொதி (மருந்தைச் சிதைக்கும் புரதம்) என்று அடியிலிருந்து ஆரம்பித்தால் இந்த அனுபவம் முழுவதும் வகுப்புக்கு வெளியே நின்றுவிடும் என்று தோன்றியது. அவர்கள் கண்ணால் பார்த்தவற்றுக்குக் காரணம் சொல்லியபடியே பாடத்தை நடத்துவது என்று முடிவு செய்தேன்.

மருந்து கொடுப்பதற்கும் எழுதுவதற்கும் என்ன வேறுபாடு என்று முதல் வகுப்பிலேயே கேட்டேன். பொறுப்பு, கையெழுத்து, சட்டம் என்று பதில்கள் வந்தன. எல்லாமே சரி. ஆனால் மருந்தியல் பார்வையில் வேறுபாடு காலத்தில் இருக்கிறது. கொடுப்பவர் இந்த வேளைக்கான அளவைச் சரிபார்க்கிறார். எழுதுபவரோ அடுத்த வாரம் அந்த உடலில் எவ்வளவு மருந்து இருக்கும் என்று இன்றே யோசித்தாக வேண்டும். பாடம் முழுவதையும் இந்த ஒரு கேள்வியில் கட்டினேன்.

அதனால் அரை ஆயுட்காலத்துக்கு, அதாவது உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்துக்கு, வகுப்பில் அதிக இடம் ஒதுக்கினேன். சூத்திரம் எழுதாமல், 100 மில்லிகிராம் மருந்தை ஒவ்வோர் அரை ஆயுட்காலத்துக்கும் ஒருமுறை ஊசியாகப் போடுவதாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். முதல் ஊசிக்குப் பின் 100. அது 50 ஆகக் குறையும்போது அடுத்தது, ஆக 150. பிறகு 175, 187.5, 193.75. கணக்கு என்றாலே ஒதுங்கியவர்கள்கூடத் தாளில் கூட்டிப் பார்த்தார்கள். எண்கள் 200-ஐ நெருங்குகின்றன, தாண்டுவதில்லை என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். நான்கைந்து அரை ஆயுட்காலம் கழிந்தால்தான் அளவு நிலைபெறும் என்பது அதன் பிறகு மனப்பாடம் செய்ய வேண்டிய வரியாக இருக்கவில்லை.

"அம்லோடிபின் அளவைக் கூட்ட ஒரு வாரமாவது பொறுக்கச் சொல்வது இதனால்தானா மேடம்?" என்று ரத்த அழுத்த மருந்து ஒன்றைக் குறிப்பிட்டு மூத்த செவிலியர் ஒருவர் கேட்டார். அதேதான். அதன் அரை ஆயுட்காலம் 30 முதல் 50 மணி நேரம். இரண்டாம் நாளே ரத்த அழுத்தம் குறையவில்லை என்று இரட்டிப்பாக்கினால், பாதி வழியில் இருக்கும் மருந்தின்மேல் இன்னொரு மருந்தை ஏற்றுகிறோம். எல்லா மருந்தும் இப்படித்தானா என்று இன்னொருவர் விடவில்லை. வலிப்பு மருந்தான ஃபெனிடோயின் அப்படி இல்லை. அதைச் சிதைக்கும் நொதிகள் சாதாரண மருந்தளவிலேயே திணறத் தொடங்குவதால், அளவைச் சிறிது கூட்டினாலும் ரத்தத்தில் அது தாறுமாறாக ஏறிவிடும்.

சிறுநீரகப் பாடத்துக்கு இரண்டு நோயாளிகளைக் கற்பனையாக அமைத்தேன். 30 வயது ஆண், எடை 75 கிலோ. 82 வயது மூதாட்டி, எடை 45 கிலோ. தசையில் உருவாகிச் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின், இருவருக்கும் ரத்தத்தில் 1.0 (மி.கி./டெ.லி.). ஆய்வக அறிக்கையில் இரண்டுமே இயல்பு. சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேகத்தை மதிப்பிட 1976-இல் வெளியான காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். இளைஞருக்கு நிமிடத்துக்குச் சுமார் 115 மில்லிலிட்டர், மூதாட்டிக்கு 31. வகுப்பில் பலரும் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். தசை குறைந்த உடலில் கிரியேட்டினின் உற்பத்தியே குறைவு. அதனால் சிறுநீரகத்தின் தளர்ச்சி அந்த எண்ணில் தெரிவதில்லை. எல்லாப் பாடத்தையும் சுருக்கச் சொன்னாலும் இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஏற்பிகளை ஒரே வகுப்பில் முடித்துவிட்டேன். மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதை அப்படி முடிக்க முடியவில்லை. எதோடு எது சேரக்கூடாது என்ற பட்டியலை யார் வேண்டுமானாலும் தேடி எடுத்துவிடலாம். அது எப்போது தொடங்கி எப்போது அடங்கும் என்பதுதான் எழுதுபவருக்குத் தெரிய வேண்டும். நொதியைத் தடுக்கும் கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி விரைவிலேயே வேலையைக் காட்டிவிடும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினோ கல்லீரலில் புதிய நொதிகளை உருவாக்க வைக்கிறது. அதற்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினை அந்த நொதிகள் வேகமாகச் சிதைப்பதால், அதைச் சாப்பிடுபவருக்கு அந்நாட்களில் அதன் அளவைக் கூட்டியாக வேண்டும். காசநோய் சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தியதும் நொதிகள் படிப்படியாகப் பழைய நிலைக்குத் திரும்பும். கூட்டிய அளவை அப்போது யாரும் குறைக்காவிட்டால் ரத்தக்கசிவு. ஒரு மருந்தை நிறுத்துவதும் மருந்து எழுதுவதுதான் என்று இந்த இடத்தில் அழுத்திச் சொன்னேன்.

உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வெளியிட்ட மருந்து எழுதும் கையேடு ஆறு படிகளைக் காட்டுகிறது. பிரச்சினையை வரையறுப்பதில் தொடங்கி, கண்காணிப்பது அல்லது நிறுத்துவதில் முடிகிறது. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது அந்தக் கடைசிப் படிதான். ஆகவே தேர்வில் மருந்தின் பெயரும் அளவும் எழுதுவதற்குப் பாதி மதிப்பெண் மட்டுமே வைத்தேன். மறுபாதி, எதை அளப்பீர்கள், எந்த நாளில், எதைக் கண்டால் நிறுத்துவீர்கள் என்ற மூன்றுக்கும்.

டிகாக்சின் என்ற இதய மருந்து பற்றிய கேள்விக்கு ஒரு செவிலியர் எழுதிய விடை என் எதிர்பார்ப்பையும் மிஞ்சியது. இயல்பான சிறுநீரகம் என்றால் ஒரு வாரம், இவருக்குச் சிறுநீரகம் தளர்ந்திருப்பதால் அளவு நிலைபெற அதைவிட நாளாகும் என்று எழுதியிருந்தார். கடைசி மாத்திரைக்கு 6 மணி நேரமாவது கழித்தே ரத்தம் எடுக்க வேண்டும், பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. அதற்குக் கீழே, "பசியின்மை, குமட்டல், மெதுவான நாடி தெரிந்தால் அந்த நாள் வரை காத்திருக்க மாட்டேன்" என்று சேர்த்திருந்தார். வார்டு அனுபவமும் வகுப்புக் கணக்கும் ஒரே தாளில் சேர்ந்திருந்தன.

அடுத்த அணிக்கும் இதே தேர்வு முறையை வைத்திருக்கிறேன். கணக்குப் பயிற்சிக்கு மட்டும் கூடுதலாக ஒரு வகுப்பு கேட்டிருக்கிறேன்.