பகல் உத்தியோகம், இரவு வேலை

2022 யூன் 14, செவ்வாய்

இனி வெள்ளிக்கிழமைகளில் அரச அலுவலகங்களுக்கு விடுமுறை என்று அமைச்சரவை தீர்மானித்திருக்கிறது. உத்தியோகத்தர்கள் வீட்டுத்தோட்டம் செய்து உணவுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க வேண்டுமாம். இரசாயன உரத்தைத் தடைசெய்து விவசாயிகளின் வயிற்றில் அடித்தவர்கள், ஒரு வருடம் கழித்து எங்கள் கைகளில் மண்வெட்டியைத் தருகிறார்கள். சம்பளத்தோடு இன்னொரு வேலையும் பார்த்தால்தான் குடும்பம் ஓடும் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த இரண்டாவது வேலைக்கு ஊதியம் கிடையாது என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

மச்சாளுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

யூன் 17, வெள்ளி

மச்சாள் கனடாவில் ஸ்காபரோவிலிருந்து அழைத்து விபரமாகச் சொன்னார். அவருக்குத் தெரிந்த கணக்காளர் ஒருவர் சிறு கடைகளுக்கும் பெற்றோல் நிலையங்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுக்கிறார். பற்றுச்சீட்டுகளைப் பார்த்து குவிக்புக்ஸ் என்ற கணக்கு மென்பொருளில் பதிவதற்கு ஆள் தேவைப்படுகிறது. வாரத்தில் ஐந்து நாட்கள், நாளுக்கு ஐந்து மணித்தியாலம். அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே மாலை ஆறரை, ஆகவே பதினொன்றரைக்கு முடித்துவிடலாம். மணிக்கு மூன்று கனடா டொலர். இன்றைய விலைக்கு அது எண்ணூறு ரூபாய்க்கு மேல் வருகிறது. என் மாதச் சம்பளத்தை வேலை நேரத்தால் பிரித்துப் பார்த்தேன். முந்நூறு ரூபாய் கூட வரவில்லை.

மச்சாள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் மணிக்குப் பதினைந்து டொலருக்குக் குறைய யாரையும் வேலைக்கு வைக்கச் சட்டம் இடம் கொடாது என்பதையும் மச்சாளே சொன்னார். மறைக்காமல் சொன்னதற்காக அவர்மேல் மரியாதை கூடியது. மூன்று டொலர்மேல் இருந்த ஆசை மட்டும் குறையவில்லை.

யூன் 19, ஞாயிறு

நித்திரை வரவில்லை. 3 × 279 = 837.

யூன் 23, வியாழன்

ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் போகலாம் என்ற சுற்றறிக்கை வந்துவிட்டது. வெளிநாட்டுக்கும் போகலாம், உள்நாட்டிலேயே வேறு தொழிலும் பார்க்கலாம். சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படமாட்டா என்கிறார்கள். தேநீர் வேளையில் அலுவலகம் முழுவதும் இதே கதைதான். பக்கத்து மேசைத் தங்கச்சி கட்டாருக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னாள். அவளுக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறது. யாரிடம் விடுவாய் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு முன்னால் இப்போது இரண்டு வழியல்ல, மூன்று வழி இருக்கிறது. இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யலாம், அல்லது பகல் உத்தியோகத்தை விடுமுறையில் வைத்துவிட்டு இரவு வேலையை மட்டும் செய்யலாம், அல்லது எதுவும் வேண்டாமென்று முருங்கைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருக்கலாம். முதலாவதற்கு அனுமதி வேண்டும், ஏனென்றால் தாபன விதிக்கோவையின்படி அரச ஊழியர் அனுமதியின்றி வெளியே ஊதியத்துக்கு வேலை செய்ய முடியாது. இரண்டாவதில், அரச ஊழியர் என்பதால் கிடைத்த இடர் கடனின் தவணையை யார் கட்டுவது என்ற கேள்வி இருக்கிறது. மச்சாளின் கணக்காளருக்கு அடுத்த வருடம் வேலை குறைந்தால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

அப்பாவின் ஓய்வூதியம் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வின்போதும் பிந்தி வந்ததே தவிர நின்றுபோகவில்லை. அவர் போனபின் அதில் ஒரு பங்கு அம்மாவுக்கு வருகிறது. இந்த வீட்டில் உத்தியோகத்தை விடுவது பற்றிப் பேசுவதென்றால் அந்தக் காசைத் தாண்டித்தான் பேச வேண்டும்.

யூன் 28, செவ்வாய்

நேற்று நள்ளிரவு முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள். கொக்குவிலிலிருந்து ஆடியபாதம் வீதியால் நல்லூர் வந்து, அங்கிருந்து மாவட்டச் செயலகமான கச்சேரிப் பக்கம் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது சேலைத் தலைப்பைப் பிழியலாம் போலிருந்தது. வீட்டிலிருந்தபடி செய்யும் வேலைக்குப் பெற்றோல் தேவையில்லை என்ற எண்ணம் வழி முழுவதும் கூடவே வந்தது.

யூலை 10, ஞாயிறு

நேற்று ஜனாதிபதி மாளிகையின் நீச்சல் குளத்தில் சனம் குளிப்பதை எல்லோரும் கைபேசியில் பார்த்தோம். இவர் சிரித்துச் சிரித்துப் பார்த்தார். அரசாங்கம் கவிழ்ந்தால் ஐந்து வருட விடுமுறைச் சுற்றறிக்கையும் கவிழுமா என்றுதான் எனக்கு ஓடியது. வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

யூலை 21, வியாழன்

பணம் தராத பயிற்சி இந்த வாரம் நடக்கிறது. செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று மச்சாள் சொன்னதால் ஒப்புக்கொண்டேன்.

முதல் கோப்பு ஒரு பெற்றோல் நிலையத்தினுடையது. படமெடுத்து அனுப்பிய பற்றுச்சீட்டுகள், சில மங்கியவை, சிலவற்றின் ஓரத்தில் கோப்பிக் கறை. ஒவ்வொன்றிலும் திகதி, தொகை, அதற்குள் அடங்கிய 13 வீத விற்பனை வரி ஆகியவற்றைப் பிரித்துப் பதிய வேண்டும். வரியைப் பிரிக்காமல் பதிந்தால் காலாண்டுக் கணக்கு முழுவதும் சரிந்துவிடும் என்று கணக்காளர் பொறுமையாகச் சொல்லித்தந்தார். நல்ல மனிதர்; பேச்சில் இன்னும் வடமராட்சி வாடை இருக்கிறது. ஒருவர் 41 லீற்றர் அடித்திருக்கிறார், அடுத்தவர் 58 லீற்றர். எங்கள் சந்திப் பெற்றோல் செட்டில் மோட்டார் சைக்கிள்களும் ஓட்டோக்களும் மூன்றாம் நாளாக வரிசையில் நிற்கின்றன. தேசிய எரிபொருள் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் அந்த 58 லீற்றரை உரிய கணக்குத் தலைப்பின் கீழ் சேர்த்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்தேன்.

வேலை எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை எழுதி வைக்க வேண்டும். பகலில் நான் செய்வது கோப்புகளை மேசைக்கு மேசை நகர்த்துவது. இங்கே ஒரு பக்கம் முடிந்தால் கணக்கு ஒத்து வருகிறது, முடிந்தது என்று தெரிகிறது. பணத்துக்காக மட்டும் தவிக்கிறேன் என்றால் முடிவெடுப்பது இவ்வளவு கடினமாக இருந்திராது.

யூலை 22, வெள்ளி

எட்டு மணிக்கு மின்வெட்டு. மடிக்கணினி தாங்கியது; இணையப் பெட்டி தாங்கவில்லை. கைபேசித் தரவில் இணைத்து முடித்தேன். அந்தத் தரவுக்கான செலவு இன்னும் என் கணக்கில் ஏறவில்லை.

ஓகஸ்ட் 2, செவ்வாய்

நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. இருபத்தைந்து நாளைக்கு எந்த முடிவையும் தள்ளிப்போட நல்ல சாட்டு.

ஓகஸ்ட் 11, வியாழன்

மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியிருக்கிறது. இவர் நேற்று இரவு முதன்முறையாக வாய் திறந்து வேண்டாமென்று சொன்னார்.

இவருக்கு இந்த வருடம் மாரிக்கு முன்பே வேலை நின்றுவிட்டது. சீமெந்து மூடை மூவாயிரம் ரூபாயைத் தொட்டபின் வீடு கட்டத் தொடங்கியவர்கள் அத்திவாரத்தோடு நிறுத்திவிட்டார்கள். மேசன் வேலை செய்பவரின் சாந்தகப்பை விறாந்தை மூலையில் காய்கிறது. உரும்பிராயில் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்வருகிறார், அதுவும் கூப்பிட்டால்தான். “நீ இரவும் உழைக்கத் தொடங்கினா, நான் வீட்டில ஆர்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதனால் பதில் சொல்லவும் வரவில்லை. பிள்ளைக்குப் படிப்பித்து, சமைத்துப் போட்டால் நீங்கள்தான் வீட்டில் எல்லாம் என்று காலையில் சொன்னேன். புட்டு அவிப்பேன், கணக்கு மட்டும் படிப்பிக்க மாட்டேன் என்றார். மகள் இந்த முறை புலமைப்பரிசில் பரீட்சை எடுக்கிறாள். அவளுக்குப் பின்னங்கள் இன்னும் பிடிபடவில்லை. ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில்தான் நான் அவளோடு இருப்பது வழக்கம்.

ஓகஸ்ட் 23, செவ்வாய்

மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாகிவிட்டது. குருநகர்ப் பக்கம் வள்ளங்கள் கடலுக்குப் போகாமல் நிற்கின்றன என்று மீன்காரி சொன்னார். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஜாம் போத்தலில் திரி விட்டுப் படித்த தலைமுறைக்கு இதெல்லாம் பழகியதுதானே என்று தெற்கிலிருந்து வந்த மேலதிகாரி ஒருவர் பாராட்டுவதுபோலச் சொன்னார். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, அப்போது கடையில் சாமான் இல்லை, சங்கக்கடை நிவாரணம் வரும், அப்பாவின் சம்பளமும் வரும், அதற்குள் சமாளித்தோம் என்றார். இப்போது கடையில் சாமான் இருக்கிறது, சம்பளமும் நாள் தவறாமல் வருகிறது, ஒன்று மற்றதை எட்டுவதில்லை. பழக்கம் இதற்கு உதவாது.

அம்மாவின் பிரஷர் குளிசை இந்த மாதமும் கிளினிக்கில் இல்லை. வெளியே வாங்கச் சொல்லித் துண்டு தந்துவிட்டார்கள்.

ஓகஸ்ட் 31, புதன்

இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் ஓய்வுபெறும் வயதை 60 ஆக்கிவிட்டார்கள். எங்கள் பிரிவில் மூவர் வருட இறுதியில் போகிறார்கள். அவர்களுடைய கோப்புகள் எங்கே வரும் என்பதைக் கேட்கத் தேவையில்லை.

செப்டெம்பர் 9, வெள்ளி

அனுமதிக் கடிதத்தைப் பற்றித் தலைமை உத்தியோகத்தரிடம் புதன்கிழமையே கதைத்தேன். “செய்யுங்கோ பிள்ளை, ஆர் உங்களைப் பிடிக்கப் போயினம்? எழுத்தில கேட்டாத்தான் சிக்கல்” என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். இந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் எதையோ செய்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். மாலையில் ரியூசன் கொடுப்பவர் இருக்கிறார், கேக் அடிப்பவர் இருக்கிறார், ஓட்டோ வாடகைக்கு விடுபவர் இருக்கிறார். ஆனாலும் வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் வங்கிக்குப் பணம் வருவதும் கேக் அடிப்பதும் ஒன்றல்ல. வங்கியைத் தொடாமல் ஆள் மூலம் பணம் மாற்றும் உண்டியலில் அனுப்பினால் வீட்டு வாசலுக்கே வரும், ஒரு தடயமும் இராது என்று மச்சாள் சொல்லிப் பார்த்தார். எனக்கு அது வேண்டாம். பகலில் அரசாங்கத்தின் வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைத்துவிட்டு இரவில் தடயமில்லாத காசை எண்ண எனக்கு மனம் இடம் தராது. அதைவிட, பிடிபட்டால் போவது சம்பளம் மட்டுமல்ல, ஓய்வூதியமும்தான்.

எழுத்திலேயே கேட்டுவிட்டேன்.

ஒக்ரோபர் 1, சனி

செப்டெம்பர் மாதப் பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு 94.9 வீதம். கொழும்புச் சுட்டெண்தான், திருநெல்வேலிச் சந்தைக்குத் தனிச் சுட்டெண் இருந்தால் பார்த்திருப்பேன்.

ஓய்வூதியம் என்று இத்தனை நாளாக எதை நினைத்துக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று காலையிலிருந்து யோசித்தேன். அம்மாவின் கைக்கு வரும் காசு போன வருடமும் அதேதான், இந்த வருடமும் கிட்டத்தட்ட அதேதான். போன வருடம் அதில் குளிசையும் பால்மாவும் வாங்கி மிச்சம் பிடித்துப் பேத்திக்குச் சட்டை எடுத்தார், இப்போது குளிசையோடு முடிகிறது. ஆகவே உத்தியோகத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நான் காப்பாற்றுவது ஒரு தொகையை அல்ல, தவறாமல் வரும் என்ற நம்பிக்கையை. அதற்கும் ஒரு பெறுமதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மூன்று டொலரை ஒரு பக்கமும் அந்த நம்பிக்கையை மறுபக்கமும் வைத்துக் கூட்டிக் கழிக்கக் குவிக்புக்ஸில் வழியில்லை.

ஒக்ரோபர் 15, சனி

புதிய வருமான வரிச் சட்டமூலம் வந்திருக்கிறது. ஆண்டுக்கு 12 இலட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 6 வீதத்தில் தொடங்கி 36 வீதம் வரை போகிறது. இரண்டு சம்பளத்தையும் கூட்டினால் மாதம் ஒரு இலட்சத்தைத் தாண்டிவிடுவேன். வரி கட்டும் அளவுக்கு உயர்ந்துவிட்டேன் என்று இவரிடம் சொன்னேன். பார்ட்டி எப்போது என்று கேட்டார்.

அனுமதிக் கடிதம் “மேலிடத்தின் தீர்மானத்துக்காக அனுப்பப்பட்டுள்ளது”.

ஒக்ரோபர் 18, செவ்வாய்

நித்திரை இல்லை. வேலையே தொடங்கவில்லை, அதற்குள் நித்திரை போய்விட்டது.

நவம்பர் 7, திங்கள்

நேற்று ரொறன்ரோவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். ஆகவே ஆறரை என்பது இனி ஏழரை, முடிவது பன்னிரண்டரை. காலை ஐந்துக்கு எழும்பி, எட்டரைக்கு அலுவலகத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். யூன் மாதத்தில் போட்ட கணக்கில் இந்த ஒரு மணித்தியாலம் இருக்கவில்லை. மறுபுறம், ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் மகளோடு இருக்க ஒரு மணித்தியாலம் கிடைக்கிறது. பரீட்சை டிசம்பர் 18.

விடுமுறையில் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். அனுமதி வந்தால் இரண்டையும் செய்வேன், ஆனால் ஐந்து இரவுகள் என்னால் முடியாது. மூன்று இரவு, டிசம்பர் 19இலிருந்து என்று மச்சாளிடம் சொன்னேன். கணக்காளருக்கு ஐந்து இரவும் ஆள் வேண்டும், பாதி வேலைக்கு ஆள் பிடித்துப் பழக்கிக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை என்றார். அப்போதுதான் பக்கத்து மேசைத் தங்கச்சியின் நினைவு வந்தது. கட்டார் விண்ணப்பம் இன்னும் நகரவில்லை, அவளுக்குக் கணக்கியலில் டிப்ளோமா இருக்கிறது, மடிக்கணினி மட்டும் இல்லை. எனக்கு மூன்று, அவளுக்கு இரண்டு. பயிற்சியை நானே கொடுத்துவிடுவேன். அவளும் எழுத்தில் அனுமதி கேட்கச் சம்மதிப்பாளா, ஒரே மடிக்கணினியைக் கொக்குவிலுக்கும் கோண்டாவிலுக்கும் இடையில் சைக்கிளில் மாற்றிக்கொள்ள இவர் உதவுவாரா என்பவற்றை நாளைக்குத் தேநீர் வேளைக்கு முன் கேட்டுவிட வேண்டும். மணிக்கு மூன்றரை என்று கேட்டுப் பார்க்கலாம் என்பது இப்போதுதான் தோன்றுகிறது, இரண்டு பேர் என்றால்