நிலாவைப் பார்க்காமல் வளையலைப் பார்த்தவன்

கோபிசெட்டிபாளையத்தில் எனக்கு மோட்டார் வைண்டிங் கடை. காயில் எரிந்த சீலிங் ஃபேன், தோட்டத்து மோட்டார், மிக்ஸி எல்லாம் வரும். பையன் நடக்கத் தொடங்கியதும் கடைக்குக் கூட்டிவருவேன். ஓடவிட்டுப் பார்க்க வைத்திருக்கும் டேபிள் ஃபேன் முன்னால் உட்கார்ந்தான் என்றால் முக்கால் மணி நேரம் அசைய மாட்டான். "தொழிலுக்கு வாரிசு வந்தாச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

வீட்டில் எல்லோருக்கும் கவலை, பேச்சு வரவில்லை என்பதுதான். ஒன்றே முக்கால் வயதில் 'அம்மா' கூட இல்லை. என் அம்மா வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவினார். "உங்கப்பனே நாலு வயசுலதான் வாயத் தொறந்தான், இவனும் பேசுவான் உடு" என்றார். ஒரு டாக்டரும் மூன்று வயது வரை பொறுக்கச் சொன்னார். பெயர் சொல்லி நாலு முறை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான் என்பதால் காதில் ஏதாவது குறையோ என்று சோதித்தோம். காது நன்றாக இருந்தது. இருக்காதா பின்னே? சமையலறையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் வாசலிலிருந்து ஓடிவருவான். குக்கர் விசில் அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுவான்.

விஷயத்தைப் பிடித்தது என் மனைவிதான், மொட்டை மாடியில். சோறூட்டும்போது "அங்க பாரு நிலா" என்று கை நீட்டுவாள். அவன் நிலாவைப் பார்க்க மாட்டான், அவள் கையில் ஆடும் வளையலைப் பார்ப்பான். ஒரு ராத்திரி கேட்டாள், "ஏனுங்க, இவன் இதுவரைக்கும் எதையாச்சும் விரல் நீட்டிக் காட்டியிருக்கானா?"

யோசித்துப் பார்த்தேன். தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்ச் செம்பின் மேல் வைப்பான். என் கை அவனுக்கு ஒரு குறடு மாதிரி. என் முகத்தைப் பார்க்க மாட்டான். பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு அப்போது ஒன்றே கால் வயது. காக்கா, லாரி, நாய், எதைக் கண்டாலும் விரலை நீட்டும். நீட்டிவிட்டு, நாமும் பார்க்கிறோமா என்று திரும்பிப் பார்க்கும். அந்த 'நீயும் பாரேன்' இவனிடம் இல்லை.

மாவட்ட அரசு மருத்துவமனையில், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டு உதவுகிற ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போனோம். பிறரோடு பழகுவதும் பேசுவதும் வேறு மாதிரி வளருகிற ஆட்டிசத்துக்கு அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க எம்-சாட் என்று ஒரு கேள்வித்தாள், 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது, மொத்தம் 20 கேள்விகள். முதல் கேள்வியே, நீங்கள் அறையில் எதையாவது சுட்டிக் காட்டினால் குழந்தை அதைப் பார்க்கிறதா என்பதுதான். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். 8 மதிப்பெண்ணைத் தொட்டாலே உடனே முழுப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு 11. அந்தத் தாள் வெறும் சல்லடைதான். ஆட்டிசம் என்று உறுதியாகச் சொன்னது அப்புறம், அவனோடு விளையாடிப் பார்த்து, எங்களிடம் மணிக்கணக்கில் கேட்டு.

சொந்தக்காரர்கள் காரணம் தேடினார்கள். ஒருவர் செல்போன் என்றார், ஒருவர் மனைவி வேலைக்குப் போவது என்றார். மாமா ஒருவர் தடுப்பூசி என்றார். அந்தப் பேச்சைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் விலக்கிக்கொண்டது என்று சொல்லிப் பார்த்தேன். மாமா வாட்ஸப்பை எடுத்துக் காட்டினார். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வரும் 21 வகை மாற்றுத்திறன்களில் ஆட்டிசமும் உண்டு. ஆனால் அவனுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்க ஆறு மாதம் தயங்கினோம். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஃபேனை இனிமேல் கண்ணிலேயே காட்டக்கூடாது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். பேச்சுப் பயிற்சி தரும் மேடம் சிரித்தார். "அவனுக்குப் புடிச்சதே அதுதான் சார், அதை வச்சே ஆரம்பிங்க" என்றார். டேபிள் ஃபேனுக்குப் பக்கத்தில், என் முகம் அவன் கண்ணுக்கு நேராக வருகிற மாதிரி உட்கார வேண்டும். ஓடுகிற ஃபேனை நிறுத்திவிட்டு, ஒன்றும் பேசாமல் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். 'சொல்லு, சொல்லு' என்று நச்சரிக்கக்கூடாது. அவன் என்னைப் பார்த்த நொடியில் "போடு" என்று ஒரே வார்த்தை, உடனே சுவிட்ச். கேட்க எளிதாக இருக்கும். கடையில் ஆள் நிற்கும்போது பத்து எண்ணிப் பாருங்கள், தெரியும்.

முதல் வாரம் முழுக்க என் கையைப் பிடித்துச் சுவிட்சில்தான் வைத்தான். பத்தாம் நாளோ என்னவோ, ஒரு கணம் கண்ணைப் பார்த்தான். இரண்டு மாதம் கழித்து "போ" என்றான். குக்கர் விஷயத்துக்கு வைத்தியம் எதுவும் இல்லை, விசில் வருவதற்குள் யாராவது அவனை வாசலுக்குக் கூட்டிப்போய்விடுவோம்.

மூன்றே கால் வயதில் பழனிக்குப் பஸ்ஸில் போனோம். தாராபுரம் தாண்டியதும் காற்றாலைகள் வரத் தொடங்கின. ஜன்னலோரம் என் மடியில் இருந்தான். திடீரென்று கையை நீட்டினான். முதலில் முழுக்கை, அப்புறம் ஒரு விரல். நீட்டியபடியே திரும்பி என் முகத்தைப் பார்த்து "போடு" என்றான்.

அவன் காட்டிய காற்றாலை சுற்றாமல் நின்றுகொண்டிருந்தது.