வைப்பர் நாட்குறிப்பு: சோதனையில் தோற்ற நாளிலிருந்து

செப்டம்பர் 8, திங்கள்

கார் தகுதிச் சோதனையில் தோற்றுவிட்டது. நான் பயந்ததெல்லாம் பிரேக்கை நினைத்துத்தான். போன மாதமே முன்சக்கர பேட் இரண்டையும் மாற்றி, ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, புகை எப்படி வருமோ என்று நேற்று ராத்திரி சரியாகத் தூங்காமல் போய் நின்றேன். அதெல்லாம் பாஸ். கவிழ்த்தது வைப்பர்.

சோதிப்பவர் உள்ளே உட்கார்ந்து, கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் வாஷர் லீவரை இழுத்தார். ஓட்டுநர் பக்க நாசிலில், அதாவது தண்ணீர் பீய்ச்சும் முனையில், ஒன்றும் வரவில்லை. மற்றதில் வந்த தண்ணீர் கண்ணாடிவரை போகச் சக்தியில்லாமல் பானெட் மேலேயே விழுந்தது. வைப்பர் நாலு தடவை போய்வந்த பிறகும் என் கண்மட்டத்துக்கு நேராகக் கையகலத்துக்கு ஒரு பட்டை மங்கலாகவே நின்றது. "இது வழியா ரோடு தெரியுதா உங்களுக்கு?" என்று கேட்டார். தெரியுது சார் என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். ஒரு வருஷமாகத் தலையை லேசாகச் சாய்த்து அந்தப் பட்டைக்குக் கீழே பார்த்து ஓட்டிப் பழகியிருக்கிறேன் என்பதே அப்போதுதான் உறைத்தது.

சீட்டில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார்கள். மறுசோதனைக்கு 26 வரை அவகாசம். நம்பர் பிளேட் பல்பு ஒன்றும் போயிருந்தது, அதை வாசலிலேயே மாற்றியாயிற்று, அதில் எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

புது பிளேடு வாங்கி மாட்டினேன். இதுதான் எல்லாரும் செய்வது, நானும் செய்தேன். இரண்டு பக்கமும் ஒரே நீளம் என்று நினைத்து முதலில் ஒரே அளவில் இரண்டு வாங்கிவந்தது தனிக்கதை. பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கம் நீளம், அடுத்தது குட்டை. இரண்டும் நீளமாக இருந்தால் நடுவில் ஒன்றோடொன்று மோதும். திரும்பப் போய் மாற்றிக்கொண்டு வந்தேன்.

பழையதைக் கழற்றும்போது பிளேடைத் தாங்கும் கையான ஆர்மைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போன் வந்ததென்று திரும்பினேன், நல்லவேளை அதற்கு முன்பே கண்ணாடிமேல் ஒரு துண்டை மடித்து விரித்திருந்தேன். பிளேடு இல்லாத ஆர்ம் ஸ்பிரிங் வேகத்தில் படார் என்று விழுந்தது. துண்டு மட்டும் இல்லையென்றால் வைப்பருக்குப் பதில் முன்கண்ணாடி மாற்றிய கதையை இங்கே எழுதிக்கொண்டிருப்பேன்.

பழைய ரப்பரை விரலால் தடவிப் பார்த்தேன். விளிம்பு கூராக இல்லை, உருண்டு போயிருந்தது, ஒரு இடத்தில் நகக்கண் அளவு கிழிசல். வெயிலும் தூசியும் ரப்பரைக் கெட்டியாக்கிவிடும். மெல்லிய கோடாக ஈரம் நின்றால் கிழிசல், அகலமாக மங்கினால் அந்த இடத்தில் ரப்பர் கண்ணாடியை ஒழுங்காக அழுத்தவில்லை, மொத்தமாகப் பனிபோல் படர்ந்தால் கண்ணாடியில் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளலாம். என்னிடம் மூன்றும் இருந்தன.

மாட்டி, தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். பட்டை போய்விட்டது. ஆனால் இப்போது டடடடட என்று துள்ளுகிறது.

செப்டம்பர் 10, புதன்

துள்ளல் ஏறும்போது இல்லை, இறங்கும்போது மட்டும். கண்ணாடியில் மெழுகு படிந்திருக்கும் என்று ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன், துணி கறுப்பாக வந்தது, துள்ளல் பாதி குறைந்தது. மீதிப் பாதி அப்படியே.

தெருவில் மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார், இப்போது வேலையை விட்டுவிட்டார், ஆனால் கார் சத்தம் கேட்டால் வெளியே வந்து நிற்பார். வந்தார். பிளேடைக் கழற்றச் சொல்லி, ஆர்மின் நுனியைக் கண்ணாடிக்கு அருகில் மெதுவாக இறக்கி, பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். "ஆர்ம் முறுக்கியிருக்கு தம்பி. கார் கழுவுறப்ப எவனோ புடிச்சு இழுத்திருக்கான்."

விஷயம் இதுதான். ரப்பரின் உதடு நிமிர்ந்து நின்று துடைப்பதில்லை, போகிற திசைக்கு எதிராகச் சாய்ந்து, பின்னால் இழுபட்டுக்கொண்டே வருகிறது. ஓட்டம் முடிந்து திரும்பும் இடத்தில் அது மறுபக்கம் புரண்டுகொள்ள வேண்டும். ஆர்ம் முறுக்கியிருந்தால் பிளேடு கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்காது, ஒரு திசையில் உதடு புரளாமல் முன்னால் தள்ளப்பட்டு ஒட்டும் விடும், ஒட்டும் விடும். அதுதான் அந்த டடடட. இரண்டு ஸ்பேனரைக் கொடுத்து ஆர்மைப் பிடித்து நூலளவு எதிர்ப்பக்கம் முறுக்கினார், பார்த்தார், இன்னும் ஒரு நூல். துள்ளல் நின்றது.

போகும்போது, "வேகம் கம்மியா இருக்கே, எப்பவும் இப்படியா?" என்று கேட்டார். எப்பவும் இப்படித்தான் அண்ணே என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

செப்டம்பர் 12, வெள்ளி

நல்ல மழை. வேலை முடிந்து திரும்பும்போது வைப்பர் முதலில் சோம்பலாக ஏறியது, அப்புறம் உள்ளே எங்கோ டக் என்று ஒரு சத்தம், ஓட்டுநர் பக்க வைப்பர் கண்ணாடியின் நடுவிலேயே செத்து நின்றது. பயணி பக்கம் மட்டும் ஜோராக ஆடுகிறது. யாருமில்லாத இருக்கைக்குத் தெளிவான காட்சி.

ஓரம் கட்டி, எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு, மழை விடும்வரை ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். நடுநடுவே கதவைத் திறந்து கையை எட்டி ஆர்மைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். ஆரம்பகால வைப்பர் கிட்டத்தட்ட இப்படித்தான் வேலை செய்தது என்பது நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் 1903இல் காப்புரிமை வாங்கியது கையால் இயக்கும் வைப்பருக்கு: உள்ளே ஒரு நெம்புகோல், வெளியே ரப்பர் வைத்த ஒரு ஆர்ம். அவர் காலத்து ஓட்டுநருக்காவது நனையாமல் உள்ளிருந்தே ஆட்ட முடிந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "ஆர்மைக் கையால அசைச்சா லேசா ஆடுதா, கெட்டியா இருக்கா?" கெட்டியாக இருக்கிறது என்றேன். "அப்ப நாளைக்குத் திறந்துடுவோம்."

செப்டம்பர் 13, சனி

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

ஆர்ம்கள் நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு நட்டைக் கழற்றினோம். ஆர்ம் சுலபத்தில் வரவில்லை. ஆர்ம் உட்காரும் அச்சான ஸ்பிண்டிலில் பல்பல்லாக வெட்டியிருப்பதில் துரு பிடித்துக் கவ்வியிருந்தது, புல்லர் என்கிற இழுத்துக் கழற்றும் கருவியைப் போட்டுத்தான் எடுத்தோம். பிறகு பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி. அதைத் தூக்கினால் உள்ளே ஒரு தோட்டமே இருந்தது. மக்கிப்போன இலை, சேறு, நடுவில் இரண்டு முளை. கண்ணாடியில் வழியும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் விழுந்து இரு ஓரத்திலும் உள்ள துளை வழியாகக் கீழே போய்விட வேண்டும், துளை இரண்டும் அடைபட்டிருந்ததால் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் தேங்கி, மோட்டாரின் அசைவை ஆர்ம்களுக்குக் கொண்டுபோகும் கம்பிகள், அதாவது லிங்கேஜ், முழுக்க அதில் ஊறியிருக்கிறது.

அங்கிருந்து வரிசையாகப் புரிந்தது. தண்ணீர் புகுந்து ஓட்டுநர் பக்க ஸ்பிண்டில் அதன் குழாய்க்குள் துருவேறி இறுகியிருக்கிறது. மோட்டார் அதை முக்கி முனகித் திருப்பியிருக்கிறது, அதனால்தான் அந்த மெதுவான ஓட்டம், நான் 'எப்பவும் இப்படித்தான்' என்று சொன்னது. லிங்க் கம்பியையும் நெம்பையும் சேர்ப்பது ஒரு இரும்புக் குண்டும் அதைக் கவ்வும் பிளாஸ்டிக் புஷ்ஷும்தான். பளு தாங்காமல் புஷ் தேய்ந்து, நேற்று குண்டைவிட்டுக் கழன்றது. டக்.

கழன்றதே நல்லது என்றார் அண்ணன். சில வண்டிகளில் புஷ் பிடிவாதமாக நிற்கும், மோட்டார் திணறி அதிக மின்சாரம் இழுத்து ஃபியூஸ் போகும், ஆட்கள் அதைவிடப் பெரிய ஃபியூஸ் போட்டு ஒயரைக் கருக்குவார்கள். அப்படிப் போட்ட ஆட்களில் ஒருவன் எதிரில்தான் நிற்கிறான் என்று நான் சொல்லவில்லை.

ஸ்பிண்டிலைத் துரு இளக்கும் எண்ணெயில் ஊறவைத்து, அசைத்து அசைத்து வெளியே தட்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவிப் பொருத்தினோம். ஒரு விரலால் சுற்ற முடிந்தது. பழைய புஷ்ஷைப் பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டிவிடலாமா என்று கேட்டேன். "வீடு போய்ச் சேர்றதுக்குக் கட்டலாம். சோதனைக்குக் கட்டிட்டுப் போகக்கூடாது" என்றார். புது புஷ் நாளை வருகிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

புஷ் வந்தது, அழுத்தினோம், கச்சிதமாக உட்கார்ந்தது. அண்ணன் சாப்பிடப் போனார். அவர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று நானே ஆர்ம்களைக் குறி பார்த்து மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். ஓட்டுநர் பக்க ஆர்ம் கண்ணாடியைத் தாண்டி ஓரத் தூணில் போய் அடித்தது. இன்னொன்று இறங்கி வந்து பானெட்டைத் தட்டியது. பெயிண்டில் ஒரு கீறல், அது இனி என்னோடு இருக்கும்.

நான் செய்த தப்பு இது: மோட்டார் பாதிச் சுற்றில் நின்றிருந்தபோது ஆர்மை ஓய்வு இடத்தில் வைத்து இறுக்கிவிட்டேன். ஸ்விட்சை அணைத்த பிறகும் வைப்பர் தானாகக் கீழே வந்து படுக்கிறதே, அதற்குக் காரணம் மோட்டாரின் பல்சக்கரத்தில் இருக்கும் ஒரு செப்பு வளையம். வளையத்தில் ஓரிடத்தில் மட்டும் இடைவெளி. ஸ்விட்ச் அணைந்தாலும் வளையம் வழியாக மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், இடைவெளி வந்தால்தான் நிற்கும். நிற்கிற கணத்தில் மோட்டாரின் இரு முனையும் ஒன்றாகச் சேர்க்கப்படுவதால் அது ஒரு நொடி ஜெனரேட்டராக மாறித் தன்னைத்தானே பிரேக் போட்டுக்கொள்ளும். ஆகவே முதலில் ஆர்ம் இல்லாமல் மோட்டாரை ஓடவிட்டு, அணைத்து, அதுவாக நின்ற பிறகுதான் ஆர்மை மாட்ட வேண்டும். ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து அண்ணன் இதைச் சொன்னார். தூணையும் பானெட்டையும் பார்த்தார். வேறொன்றும் சொல்லவில்லை, அதுதான் வலித்தது.

மறுபடி செய்தோம். டேப் குறியிலேயே வந்து படுத்தது. இரண்டு வேகமும் சரி. வேகமான ஓட்டத்துக்கு மோட்டாருக்குள் மின்சாரம் கொண்டுபோகும் பிரஷ்களில் மூன்றாவதாக ஒன்று சற்றுத் தள்ளி வைத்திருக்கும், ஒரு வேகம் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அந்தப் பிரஷ்ஷையும் ஸ்விட்சையும் பார்க்கணும் என்றார். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

செப்டம்பர் 17, புதன்

வாஷர். டேங்கில் வெறும் தண்ணீர்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன், பாசி பிடித்துக் கொழகொழவென்று பம்ப்பின் சல்லடையை அடைத்திருந்தது. கழுவினேன். பானெட் கீல் பக்கத்தில் குழாய் மடிந்து மடிந்து விரிசல் விட்டிருந்தது, அந்தத் துண்டை மட்டும் வெட்டி மாற்றினேன். நாசிலை ஊசியால் குத்தி, மேலே கொஞ்சம் தூக்கித் திருப்பினேன். நிற்கும்போது கண்ணாடியின் மேல்பாதியில் விழுகிற மாதிரி வைத்தால்தான் ஓடும்போது காற்று அடித்து இறக்கிச் சரியான இடத்தில் விழும். இப்போது சர்ர் என்று பாய்கிறது, இரண்டு பக்கமும்.

செப்டம்பர் 20, சனி

விட்டுவிட்டுத் துடைக்கும் அமைப்பு மட்டும் வேலை செய்யவில்லை. அதை இயக்கும் மின் சுவிட்சான ரிலே போயிருந்தது. மாற்றினேன், பத்து நிமிஷம். எழுதிக் கொடுத்த சீட்டில் இது இல்லை, ஆனால் தூறலில் தொடர்ந்து ஓடுகிற வைப்பர் வறண்ட கண்ணாடியைத் தேய்த்துப் புது ரப்பரைத் தின்றுவிடும்.

இதைச் செய்யும்போதெல்லாம் ராபர்ட் கியர்ன்ஸ் ஞாபகம் வரும். திருமண இரவில் ஷாம்பெயின் தக்கை தெறித்து இடக்கண் பார்வை போனவர். இமை எப்படித் தேவைப்படும்போது மட்டும் மூடித் திறக்கிறதோ அப்படி வைப்பரும் ஏன் இருக்கக்கூடாது என்று யோசித்து, 1964இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அப்புறம் தன் அமைப்பை அனுமதியில்லாமல் பயன்படுத்தியதாக ஃபோர்டு, கிரைஸ்லர் என்று பெரிய கம்பெனிகளோடு வருஷக்கணக்கில் வழக்கு, இரண்டிலும் ஜெயித்தார். அவர் ஆயுளைத் தின்ற சாமான் எனக்குப் பத்து நிமிஷ வேலை.

செப்டம்பர் 23, செவ்வாய்

மறுசோதனை. போவதற்கு முன் ரப்பரை ஈரத்துணியால் ஒரு இழுப்பு, கண்ணாடியை ஒரு துடைப்பு, டேங்க் நிறையத் தண்ணீர்.

அதே சோதிப்பவர்தான். லீவரை இழுத்தார், தண்ணீர் பாய்ந்தது, வைப்பர் மூன்று தடவை போய்வந்தது, வேகத்தைக் கூட்டினார், அணைத்தார், படுத்தது. இருபது வினாடி இருக்கும். டிக் போட்டார். நான் அந்த இலைத் தோட்டத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன், அவர் அடுத்த வண்டியைக் கைகாட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டு பாஸ் என்றேன். "சரி. பின் வைப்பர் பார்த்தாங்களா?"

பார்க்கவில்லை. அதற்கும் சேர்த்து வாங்கிய ரப்பர் பின் இருக்கைக்கு அடியில் பிரிக்காமல் கிடக்கிறது.