மச்சான்மாருக்கும் ஒரு கை எள்ளும் தண்ணீரும்

ஆடி அமாவாசைக் காலையில் பிதிர்க்கடன் செய்யக் கொழும்புச் சனம் முகத்துவாரத்துக்குப் போகும். களனி கங்கை கடலில் விழும் இடம் அது. அப்பாவுக்கு ஆடி அமாவாசை, அம்மாவுக்குச் சித்திரா பூரணை என்பது எல்லோருக்கும் தெரியும். பெரியப்பாவின் மகனுக்கும் அம்மானின் மகளுக்கும் எங்கே இடம் என்பதில்தான் தடுமாற்றம்.

தர்ப்பணத்தில் அவர்களுக்குத் தனி வரிசை கிடையாது. தந்தை வழியில் அப்பா, அப்பப்பா, பூட்டன் என்று மூன்று தலைமுறை. தாய் வழியிலும் அப்படியே. அதன் பிறகு வரும் காருணிக பிதிர்களுக்குள், அதாவது மற்ற உறவினர்களில் இறந்தோருக்குள், ஒன்றுவிட்ட அண்ணன், மச்சாள், மாமி எல்லோரும் அடக்கம். நெரிசலில் இந்தப் பகுதி ஒரே மூச்சில் ஓடிவிடும். பெயர், உறவுமுறை, கோத்திரம் மூன்றையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சங்கல்பத்துக்கு முன்பே குருக்களிடம் கொடுத்துவிடுங்கள். குஞ்சண்ணை, ஆசை மச்சாள் என்றே கூப்பிட்டுப் பழகியவர்களின் முழுப்பெயர் அங்கே நின்று யோசித்தால் வராது. முதல் நாளே வீட்டுப் பெரியவர்களைக் கேட்க வேண்டும்.

தெற்கு நோக்கி இருந்து, கறுப்பு எள்ளும் நீரும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையால் விழ வேண்டும். விரல் நுனியால் விட்டால் அது தேவர்களுக்கான முறை. அவசரத்தில் பலர் பிழைவிடுவது இதில்தான். தகப்பன் உயிரோடு இருப்பவர் தர்ப்பணம் செய்வதில்லை. அவர் மச்சானுக்காக விளக்கேற்றலாம். ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று, கடல் கொந்தளிக்கும். முழுக்குப் போட இறங்காமல் தலையில் தண்ணீர் தெளித்துக்கொள்வதே புத்தி.

வெளிநாட்டில் இறந்தவரின் ஆண்டுத் திதியைக் குறிப்பதில் இன்னொரு சிக்கல். ரொறன்ரோவில் கோடைகாலத்தில் இரவு 8 மணிக்கு உயிர் பிரிந்தால் கொழும்பில் மறுநாள் காலை 5.30. அந்த ஊர்த் தேதியையும் மணியையும் அப்படியே நம் பஞ்சாங்கத்தில் பார்த்தால் திதி ஒன்று பிசகலாம். நேரத்தை மாற்றிய பிறகே பாருங்கள். பார்ப்பது வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணித பஞ்சாங்கமா என்பதையும் குடும்பம் முழுக்க ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் ஒரு நாள், தம்பி ஒரு நாள் என்று விரதம் பிடிக்கும் வீடுகள் உண்டு.

திரும்பும் வழியில் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். சீட்டு எடுக்கும்போதே ‘மோட்ச அருச்சனை’ என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் உயிரோடு இருப்பவர்களுக்குப்போல நட்சத்திரம் கேட்டுச் சாதாரண அருச்சனை நடந்துவிடும். தகப்பன் பொன்னம்பல முதலியார் கட்டிய கோயிலை மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை முழுக்கக் கருங்கல்லில் எழுப்பினார். கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமி இராமநாதனின் அம்மான் மகன். நம் முறையில் மச்சான். நெய்விளக்கை ஏற்றிவிட்டு அந்தத் தூண்களருகே பிள்ளைகளை உட்காரவைத்து, தாளில் உள்ள பெயர்களை யார் யாருக்கு என்ன முறை என்று வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் ஆறுதலாகச் சொல்வோம் என்று விட்டால் அது நடவாது.

மத்தியானப் படையலில் காத்தோட்டிக்காய் ஒரு துண்டாவது இருக்க வேண்டும். கசக்கும்தான். இறந்தவருக்குப் பிடித்த கறியையும் ஒரு கரண்டி வையுங்கள். மாடிவீட்டுக்காரர் காகத்துக்குச் சோறு வைக்க இடம் தேடி அலைய வேண்டாம். பல்கணிச் சுவரில் வாழையிலைத் துண்டைப் போட்டு வைத்தால், வெள்ளவத்தைக் காகங்கள் கூப்பிட முன்பே வந்துவிடும்.